கடலில் இருப்பவர்களின் பெயர்கள்



வருகிற ஞாயிறு கடல் ஞாயிறு. ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை உலகின் பல திருச்சபைகள் கப்பலில் தொழில் செய்வோருக்காக வேறுபடுத்தி வைத்திருக்கின்றன. நம் ஆலயத்திலும் ஆண்டுதோறும் அதை அனுசரிக்கிறோம். சங்கீதம் 107-ஐ வாசிக்கிறோம். காலை ஆங்கில ஆராதனையில் மாலுமிகளின் பாடலைப் பாடுகிறோம். நான் ஒரு ஜெபம் செய்கிறேன். பிறகு அவரவர் வீட்டுக்குப் போகிறோம். இந்த ஆண்டு அவ்வளவோடு முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அதன் காரணத்தை முன்னதாகவே உங்களுக்கு எழுதிவிடவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் மூன்று வாரம் நான் விடுப்பில் இருந்ததை அறிவீர்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் செவிலியராகப் பணிபுரியும் என் தங்கையின் வீட்டில் தங்கியிருந்தேன். லிவர்பூல் என்றதும் நம் வாலிபர்களுக்குக் கால்பந்து நினைவுக்கு வரும். என் வயதினருக்கு பீட்டில்ஸ். எனக்கும் போகும்வரையில் அதற்கு மேல் தெரியாது. போய்ச் சேர்ந்த முதல் ஞாயிறன்று தங்கைக்கு மருத்துவமனையில் பணி. நதிக்கரையில் ஒரு பழைய ஆலயம் இருக்கிறது, அங்கே போய்வாருங்கள் அண்ணா என்று பேருந்து எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மெர்சி நதி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே, கப்பல் துறையைப் பார்த்தபடி நிற்கிறது தூய நிக்கோலஸ் ஆலயம். மாலுமிகளின் ஆலயம் என்றே அந்த ஊரார் அதைச் சொல்கிறார்கள். பழைய கோபுரத்தோடு புதிய கட்டடம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தவுடன் கேட்கத் தோன்றும். 1940 டிசம்பரில் கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்குச் சில நாட்களே இருக்கும்போது விழுந்த குண்டுகளில் ஆலயத்தின் உட்பகுதி எரிந்து போயிற்று. கோபுரம் மட்டும் தப்பியது. திரும்பக் கட்டி 1952-இல்தான் பிரதிஷ்டை செய்தார்கள்.

நான் போன நாள் அட்லாண்டிக் போரின் நினைவு ஞாயிறு என்பது உள்ளே நுழைந்த பிறகே எனக்குத் தெரிந்தது. மே மாதத்தின் முதல் ஞாயிறை அதற்கென்று வைத்திருக்கிறார்கள். தகப்பனுடைய பதக்கங்களை வலது மார்பில் குத்திக்கொண்டு வந்திருந்த முதியவர்கள், கடற்படைச் சீருடையில் பிள்ளைகள், சக்கர நாற்காலியில் ஓர் அம்மையார். ஆராதனையின் இறுதியில் ஆர்கன் அந்தப் பாடலின் முதல் அடியை வாசித்தபோது, நாம் ஆண்டுதோறும் பாடும் அதே பாடல் என்று அறிந்துகொண்டேன். என் இருபுறமும் நின்றவர்கள் புத்தகத்தைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் மனப்பாடம். எனக்கு இடப்பக்கம் இருந்தவர் கடைசி அடிக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு, வாயை இறுக மூடியபடி தரையைப் பார்த்தார்.

பிரியமானவர்களே, இந்தப் பாடலை எத்தனை ஆண்டு பாடியிருக்கிறோம்! அதன் வரலாற்றை நான் உங்களுக்குச் சொன்னதே இல்லை. 1860-இல் வில்லியம் வைட்டிங் என்பவர் எழுதியது. வின்செஸ்டர் நகரில் பாடகர் குழுச் சிறுவர்களின் பள்ளிக்கு அவர் பொறுப்பாளர். மறு ஆண்டிலே ஜான் பக்கஸ் டைக்ஸ் என்ற குருவானவர் அதற்கு இராகம் அமைத்தார். நம் பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் இராகத்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும், பார்த்ததுண்டா? மெலித்தா. அப்போஸ்தலருடைய நடபடிகள் 28-ஆம் அதிகாரத்தில், கப்பல் உடைந்து பவுலும் உடனிருந்தவர்களும் கரையேறிய தீவின் பெயர். இன்றைய மால்டா. அந்த அதிகாரத்துக்குப் பிறகு வருவேன். இப்போதைக்குப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நகரம் இந்தப் பாடலை அவ்வளவு ஆழ்ந்து பாடுவதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் என்ற தீவுக்கு வரவேண்டிய கோதுமை, இறைச்சி, எண்ணெய், ஆயுதம் எல்லாம் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்தாகவேண்டும். வழியில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருந்தன. சரக்குக் கப்பல்கள் கான்வாய் என்று சொல்லப்படும் கூட்டமாக, போர்க்கப்பல்களின் காவலோடு வந்தன. அப்படிப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கான்வாய்கள் லிவர்பூலுக்கு வந்து சேர்ந்தன. 1941 பிப்ரவரியில் இந்தக் கடற்பரப்பு முழுவதையும் காக்கும் கடற்படைத் தலைமையகமே பிளிமத்திலிருந்து இந்த ஊருக்கு மாற்றப்பட்டது. டெர்பி ஹவுஸ் என்ற கட்டடத்தின் நிலவறையில் அது இயங்கியது. இப்போது காட்சிசாலை. சுவரை முழுவதும் அடைத்து நிற்கும் வரைபடத்தையும், இளம்பெண்கள் ஏணியில் ஏறிக் கப்பல்களின் இடத்தைக் குறித்து நகர்த்திய இடத்தையும் பார்த்தேன். ஒரு கப்பல் மூழ்கினால் அந்தக் குறியைச் சுவரிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதில் தன் சகோதரனோ, நிச்சயிக்கப்பட்ட மணவாளனோ இருந்தால் அவள் எப்படி எடுத்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டு அந்த ஏணியின் அடியில் சற்று நேரம் நின்றேன்.

துறைமுகம் இருந்ததால் நகரமும் அடிவாங்கிற்று. 1941 மே முதல் நாளிலிருந்து ஏழு இரவுகள் தொடர்ந்து குண்டு வீச்சு. மூன்றாம் நாள் இரவு, ஏறக்குறைய ஆயிரம் டன் வெடிகுண்டுகளை ஏற்றிக்கொண்டு ஹஸ்கிசன் துறையில் நின்ற மாலகண்ட் என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அந்த ஒரு வாரத்தில் மட்டும் 1,700 பேர் அளவில் மாண்டார்கள். தூய லூக்கா ஆலயம் அதே வாரத்தில்தான் எரிந்தது. கூரையில்லாமலே அதை இன்றுவரை வைத்திருக்கிறார்கள், அதற்குள் இசை நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. அந்நாட்களில் இங்கிலாந்தின் ஆலய மணிகளே ஒலிக்கவில்லை என்பதையும் அங்கே அறிந்தேன். எதிரி கரையிறங்கினால் மட்டுமே மணி அடிக்கவேண்டும் என்று 1940-இல் அரசு உத்தரவிட்டிருந்தது. ஞாயிறு மணியோசை இல்லாத ஓர் ஊரை நினைத்துப் பாருங்கள். மேட்டின்மேல் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பேராலயம் ஒன்று உண்டு. 1904-இல் மூலைக்கல் நாட்டப்பட்டு, 1978-இல் முடிந்தது. போர்க்காலத்திலும் அதன் கோபுர வேலை நிற்கவில்லை. அதன் ஆர்கனில் பத்தாயிரத்துக்கும் அதிகமான குழல்கள். ஒரு வார நாள் மதியம் யாரோ தனியாக அதில் பழகிக்கொண்டிருந்தார். கால்வழியாகத் தரை அதிர்வதை உணர்ந்தேன்.

அந்தப் பேராலயத்தில் 1944 ஜூலையில் ஒரு கடற்படைத் தலைவருக்கு அடக்க ஆராதனை நடந்தது. பிரெடெரிக் ஜான் வாக்கர். நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதில் அவருக்கு நிகர் இல்லை என்று சொல்வார்கள். நதிக்கரையில் அவருக்குச் சிலையும் உண்டு. அவருடைய ஸ்டார்லிங் கப்பல் வெற்றியோடு துறைமுகத்துக்குத் திரும்பும்போது, ஒலிபெருக்கியில் ஒரு பழைய வேட்டைப்பாட்டை உரத்து ஒலிக்கச் செய்வார்கள். கரையில் ஜனங்கள் திரண்டு நின்று ஆரவாரிப்பார்கள். குழந்தைகள் பாடும் துள்ளலான மெட்டு அது.

அந்த மெட்டை நான் குற்றம் சொல்ல வரவில்லை. பட்டினியின் விளிம்பில் நின்ற ஜனம். மகனைக் கடலில் பறிகொடுத்த தாய்மார். அவர்கள் ஆரவாரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனாலும் என் உள்ளம் அந்த இடத்தில் சிக்கிக்கொண்டது. ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் பணிபுரிந்த ஏறக்குறைய 40,000 பேரில் 30,000 பேர் அளவில் திரும்பி வரவில்லை. இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். இரும்புக் கூட்டுக்குள் தண்ணீர் புகுந்து செத்தார்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். வாக்கருடைய சொந்த மகனே 1943-இல் ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பலில் மத்தியதரைக் கடலில் காணாமற்போனார். அதன் பிறகும் அந்தத் தகப்பன் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஓய்வில்லாத உழைப்பால் உடல் தளர்ந்து, 48 வயதில் மரித்தார். பேராலயத்திலிருந்து அவருடைய சரீரத்தைக் கப்பலில் கொண்டுபோய் லிவர்பூல் விரிகுடாவில் அடக்கம் செய்தார்கள்.

நான் ஆலயத்தில் கேட்ட பாடலை எடுத்துப் பாருங்கள். அலைக்கு எல்லை விதித்த தேவனிடம், கடலில் ஆபத்தில் இருப்பவர்களுக்காக மன்றாடுகிறது. எங்கள் மாலுமிகள் என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. எந்த நாட்டின் பெயரும் இல்லை. 1941 ஆகஸ்டு 10, ஞாயிறு, நியூபவுண்ட்லாந்து கரையருகே பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற போர்க்கப்பலின் தளத்தில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் அருகருகே அமர்ந்திருக்க, இரு நாட்டு மாலுமிகளும் கலந்து நின்று இதைப் பாடினார்கள். நான்கே மாதத்தில் அந்தக் கப்பல் மலாயா கடலில் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. அன்று பாடியவர்களில் பலர் அதோடு போனார்கள். பாடும்போது அவர்கள் தங்களுக்காகவே ஜெபித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த கப்பலுக்கு வருகிறேன். அதன் பெயர் சிட்டி ஆஃப் பனாரஸ். ஆம், நம் காசி நகரின் பெயர். 1940 செப்டம்பர் 13-ஆம் நாள் லிவர்பூலிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டது. குண்டு வீச்சிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற, அரசே பெற்றோரிடமிருந்து அவர்களைப் பெற்று அயல்தேசங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். அப்படி 90 பிள்ளைகள் அதில் ஏறினார்கள். கப்பலை இயக்கியவர்களில் பெரும்பகுதி இந்தியர். லஸ்கர் என்று அவர்களை அழைத்தார்கள். சில்ஹெட், கொங்கணம், குஜராத், கோவா பக்கத்து ஏழைகள், இயந்திர அறையில் கரியோடும் எண்ணெயோடும் வெந்தவர்கள், உணவு பரிமாறியவர்கள். வெள்ளை மாலுமிக்குக் கிடைத்த கூலியில் நான்கில் ஒரு பங்கு கிடைத்தால் அதிகம். போர் தொடங்கிய 1939-இல் கூலி உயர்வு கேட்டு இவர்கள் பல துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்ததும், சிலர் சிறைக்குப் போனதும் வரலாறு.

புறப்பட்ட நான்காம் நாள், செப்டம்பர் 17. காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள் முந்தைய இரவே திரும்பிவிட்டன. அன்றிரவு பத்து மணியளவில், காற்றும் மழையுமாக இருந்த நேரம், டார்பிடோ தாக்கியது. அரை மணி நேரத்தில் கப்பல் மூழ்கிற்று. கப்பலில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 90 பிள்ளைகளில் 77 பேர் பிழைக்கவில்லை. இந்திய மாலுமிகளில் ஏறத்தாழ நூறு பேர். அதோடு பிள்ளைகளைக் கடல்வழி அனுப்பும் அந்தத் திட்டமே நிறுத்தப்பட்டது.

மறுநாள் ஹரிகேன் என்ற போர்க்கப்பல் வந்து, உயிர்காப்புப் படகுகளைத் தேடி, தப்பியவர்களை ஏற்றியது. படகுகளை எண்ணினார்கள். கணக்குச் சரியாக இருந்தது. திரும்பிவிட்டார்கள். ஆனால் அவர்கள் எண்ணியதில் ஒன்று, அதே இரவில் மூழ்கிய வேறொரு கப்பலின் படகு. பனாரஸின் பன்னிரண்டாம் எண் படகு எண்ணப்படாமலேயே கடலில் போய்க்கொண்டிருந்தது. அதில் 46 பேர். ஆறு சிறுவர், ஓர் இசை ஆசிரியை, மேரி கார்னிஷ், ஒரு கத்தோலிக்கக் குரு, கப்பல் அதிகாரிகள் சிலர், மற்றபடி பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். எட்டு நாள் அட்லாண்டிக்கில் மிதந்தார்கள். குடிநீரை அளந்து அளந்து கொடுத்தார்கள். அந்த ஆசிரியை சிறுவர்களின் குளிர்ந்த கைகால்களைத் தேய்த்துவிட்டு, ஒரு துப்பறியும் கதையை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். பியானோவில் பழகிய விரல்கள் அவை. எட்டாம் நாள் ஒரு விமானம் அவர்களைக் கண்டது. ஆறு சிறுவர்களும் பிழைத்தார்கள். கரையில் அவர்களுடைய பெற்றோர், பிள்ளைகள் இறந்துவிட்டார்கள் என்ற செய்தியை ஏற்கெனவே பெற்றிருந்தார்கள்.

இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்குச் சரியாக இருந்தது என்ற அந்த ஒரு வரி என்னை விடவேயில்லை. மனதார யாரையும் கைவிட்டவர்கள் அல்லர் அவர்கள். கொந்தளிக்கும் கடலில் நின்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியவர்கள். எண்ணிக்கை நிறைந்துவிட்டதாக நினைத்தார்கள், அவ்வளவே.

மறுநாள் நதிக்கரைக்கு மீண்டும் போனேன். வாக்கரின் சிலைக்குச் சற்று அப்பால், கடற்படையின் கீழ்ப் பணியாற்றி, கடலையே கல்லறையாகக் கொண்ட வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறக்குறைய 1,400 பேருடைய நினைவுச்சின்னம் இருக்கிறது. வெண்கலப் பலகைகளில் பெயர் பெயராகப் பொறித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் மாண்ட மற்றவர்களுக்கு இலண்டனில் டவர் ஹில்லில் பெரிய நினைவுச்சின்னம். இந்திய மாலுமிகள் எங்கே என்று தேடினால் மும்பைக்கும் சிட்டகாங்குக்கும் போகவேண்டும். இந்தியக் கடற்படையையும் வணிகக் கப்பல்களையும் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் அதிகமானோருடைய பெயர்கள் அங்கே ஒரு பெயர்ப் புத்தகமாக வைக்கப்பட்டிருக்கின்றன. கேட்டால் திறந்து காட்டுவார்கள். கேட்கத் தோன்றவேண்டுமே.

அதே கரையில் இன்னொரு சிறிய பலகை. 2006-இல் வைத்தது. சீன மாலுமிகளுக்கானது. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான சீனர் லிவர்பூலைத் தங்கள் துறைமுகமாகக் கொண்டு அட்லாண்டிக்கில் வேலை செய்தார்கள். சிலர் அந்த ஊர்ப் பெண்களை மணந்து பிள்ளைகளும் பெற்றார்கள். போர் முடிந்தவுடன், 1945-46-இல், அரசு அவர்களை இரகசியமாகப் பிடித்துக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது. மனைவியரிடம் சொல்லிக்கொள்ள விடவில்லை. தகப்பன் நம்மை விட்டு ஓடிவிட்டான் என்று எண்ணியே பல பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஐம்பது ஆண்டுக்குப் பிறகு அரசுக் கோப்புகளைப் பார்த்தே உண்மை தெரிந்தது. அங்கே நின்றுகொண்டு, ஆலயத்தில் என் இடப்பக்கம் நின்றவரை நினைத்தேன். அவர் யார் பிள்ளை, ஏன் அந்தக் கடைசி அடியைப் பாடவில்லை என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். என் கூச்சம்.

இப்போது நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். எத்தனையோ முறை பிரசங்கித்த பகுதி. யூரோக்கிலிதோன் காற்று, பதினான்கு இரவு சூரியனும் நட்சத்திரமும் காணாத இருள், நம்பிக்கையற்ற ஜனம், பவுலின் திடன். நான் எப்போதும் பவுலையே பார்த்தேன். இந்த முறை 37-ஆம் வசனத்தில் என் கண் நின்றது. லூக்கா அந்தப் புயலின் நடுவே, அப்பம் பிட்டுப் புசிக்கும் நேரத்தில், கப்பலில் இருந்தவர்கள் 276 பேர் என்று எழுதுகிறான். எதற்காக இந்தக் கணக்கு? யார் அந்த 276? நூற்றுக்கதிபதி, போர்ச்சேவகர், கப்பற்காரர், காவலில் இருந்த கைதிகள். சற்று முன்புதான் கப்பற்காரர் மற்றவர்களை விட்டுவிட்டுப் படகில் தப்பப் பார்த்தார்கள். சற்றுப் பின்பு சேவகர் கைதிகளைக் கொன்றுவிட யோசனை சொல்லப்போகிறார்கள். ஒருவரையொருவர் கைவிடத் துணிந்த கூட்டம். ஆனால் தேவதூதன் பவுலிடம் சொன்னது அவனோடே யாத்திரை செய்கிற யாவரையும் குறித்தது. லூக்காவின் கணக்கில் சேவகனும் ஒன்று, கைதியும் ஒன்று. அதிகாரம் முடியும்போது எல்லாரும் கரையில் இருக்கிறார்கள். பலகைகளைப் பிடித்துக்கொண்டும், உடைந்த துண்டுகளின்மேலும். டைக்ஸ் ஐயர் தம் இராகத்துக்கு அந்தக் கரையின் பெயரை வைத்தார்.

பிரியமானவர்களே, இதுவரை பிறருடைய கணக்கைச் சொன்னேன். என் கணக்கையும் சொல்லியாக வேண்டும்.

2020-ஆம் ஆண்டு உங்களுக்கு மறந்திருக்காது. ஆலயம் பூட்டிக் கிடந்தது. கைப்பேசி வழியாக ஆராதனை நடத்தினோம். அப்போது நம் சபையின் வாலிபர் ஒருவர் ஒரு சரக்குக் கப்பலில் ஆயிலராக இருந்தார். ஒன்பது மாத ஒப்பந்தத்தில் ஏறியவர். எந்தத் துறைமுகமும் மாலுமிகளை இறங்கவிடவில்லை. மாற்று ஆட்களும் ஏற முடியவில்லை. உலகெங்கும் சுமார் நான்கு இலட்சம் மாலுமிகள் அப்படி ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே அடைபட்டுக் கிடந்ததாக அந்த ஆண்டின் இறுதியில் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் கணக்குச் சொல்லின. நம் பிள்ளைக்குப் பதினாறாம் மாதம்தான் சைன் ஆஃப் கிடைத்தது. இடையில் அவருடைய தகப்பனார் இறந்தார். அடக்கத்தைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தார். சில நொடி, அதற்குள் கப்பலில் இணைப்பு அறுந்துவிட்டது.

ஆரம்பத்தில் ஒவ்வொரு ஞாயிறும் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். பிறகு மருத்துவமனையிலிருந்து பெயர்கள் வரத் தொடங்கின. ஒரு வாரம் நான்கு, மறுவாரம் ஒன்பது. பட்டியல் நீண்டது. எந்த ஞாயிறு அவர் பெயர் விட்டுப்போயிற்று என்று எனக்கே தெரியாது. வேண்டுமென்று விடவில்லை. கடலில் உள்ளோருக்காக என்ற பொதுவான வாக்கியத்துக்குள் அவரும் அடக்கம் என்று நினைத்திருப்பேன். அவர் தகப்பனாரை நான்தான் அடக்கம் செய்தேன். அதற்கு அடுத்த ஞாயிறும் அவர் பெயரைச் சொல்லவில்லை.

ஆலயம் திறந்து சில வாரம் கழித்து, ஆராதனை முடிந்து வெஸ்ட்ரியில் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவருடைய தாயார் வாசலில் வந்து நின்றார்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். கோபப்படாதீங்க.”

“சொல்லுங்கம்மா.”

“இருபத்திரெண்டு ஞாயித்துக்கிழமை என் மகன் பேரைச் சொல்லலையே ஐயா. நான் ஒவ்வொரு வாரமும் போனைக் காதுல வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன்.”

அவர் எண்ணியிருந்தார். நான் எண்ணவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை ஐயா, உங்களுக்கு எவ்வளவு பாரம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெருந்தன்மை என் மனதுக்கு வசதியாகவே இருந்தது. அதை அப்படியே மடித்து வைத்துவிட்டேன். லிவர்பூலில் அந்தப் பன்னிரண்டாம் படகைப் பற்றி வாசித்த இரவில்தான் அது முழுவதுமாக விரிந்தது. கணக்குச் சரியாக இருந்தது என்று எண்ணித் திரும்பிப் போனவர்களில் நானும் ஒருவன்.

ஊர் திரும்பியதும் அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போனேன். மகன் இப்போதும் கடலில்தான், வேறு கப்பல். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்தார். அவ்வளவு மாதமும் தமக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலப் பாட்டு அதுதான் என்று, மகன் சண்டே ஸ்கூலில் கற்ற அந்தப் பாடலின் மெட்டைத் தினமும் வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார். வார்த்தை எனக்கு வராது ஐயா, இராகம் மட்டும்தான் என்றார்.

ஆகவே இந்த ஞாயிறுக்கு உங்களிடம் ஒரு வேண்டுகோள். கப்பலில் வேலை செய்யும் உங்கள் பிள்ளைகள், கணவர், சகோதரர் பெயர்களை ஒரு தாளில் எழுதி, சனிக்கிழமை மாலைக்குள் வெஸ்ட்ரியில் கொடுங்கள். நம் சபையில் பதினொரு குடும்பம் என்று நான் எண்ணி வைத்திருக்கிறேன். என் எண்ணிக்கையை நம்பாதீர்கள். விட்டுப்போனவர் இருந்தால் சொல்லுங்கள். பாடலைத் தமிழ் ஆராதனையிலும் பாடுவோம். பாடகர் குழுத் தலைவரிடம் பேசிவிட்டேன். மூன்றாம் சரணத்தைச் சற்று மெதுவாக எடுக்கும்படி கேட்டிருக்கிறேன். அவருக்கு அதில் சம்மதம் இல்லை, பார்ப்போம்.

முதல் தாள் நேற்றே வந்துவிட்டது. அந்தத் தாயார்தான் கொடுத்தார். மகன் பெயர் ஒன்றுதான் இருக்கும் என்று எண்ணித் திறந்தேன். பள்ளிக்கூட நோட்டுத் தாளின் இரு பக்கமும் எழுதியிருந்தது. மகனிடம் கைப்பேசியில் கேட்டுக் கேட்டு, கப்பலில் இருக்கும் இருபத்து மூன்று பேருடைய பெயரையும் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். பிலிப்பைன்ஸ்காரர் ஒன்பது பேர். கேப்டன் உக்ரைன்காரர். சீஃப் இன்ஜினியர் ரஷ்யர். சில பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று எனக்குப் புரியவில்லை. இன்று மாலை அவர் வீட்டுக்குப் போய், மகனைக் கைப்பேசியில் கூப்பிடச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பழகிக்கொள்ளப் போகிறேன்.